ஒரு வீடு, இரண்டு அடுப்பு

கடைக்காரர் கம்ப்யூட்டரில் புதிய புரோகிராம் ஒன்றை ஏற்றுகிறார். அது ஜோராக ஓடுகிறது. ஆனால் நேற்றுவரை ஒழுங்காக இருந்த கணக்குப் புரோகிராம் திறக்க மறுக்கிறது. அதை யாரும் தொடவேயில்லை! 1990களில் விண்டோஸ் வைத்திருந்த பலருக்கும் பழக்கமான சங்கடம் இது. புரோகிராமர்கள் வைத்த பெயர்: 'டி.எல்.எல். நரகம்'.

காரணம், சிக்கனம். அன்று மெமரியும் டிஸ்க்கும் சிறியவை, விலையோ அதிகம். எனவே பல புரோகிராம்களுக்கும் பொதுவான வேலைகளை டி.எல்.எல். என்ற தனி ஃபைல்களில் எழுதி, ஒரே பிரதியை எல்லோருக்கும் வைத்தார்கள். புதிதாக வந்த புரோகிராம் தன் பிரதியை அங்கே போட்டால் இருந்தது அழிந்தது. அதை நம்பியிருந்த புரோகிராம் படுத்துவிட்டது.

விண்டோஸ் 2000 தன் சிஸ்டம் ஃபைல்களுக்குக் காவல் போட்டது. 2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி ஒரே ஃபைலின் பல பதிப்புகளை அருகருகே வைக்க இடம் கொடுத்தது. மறு ஆண்டு வந்த மைக்ரோசாஃப்ட்டின் டாட் நெட்டும் அதே வழிதான். எந்தப் பதிப்பு வேண்டும் என்பதைப் புரோகிராமே சொல்லிவிடும்.

ஆனாலும் ஒரு சிக்கல் மிஞ்சியது. டாட் நெட் புரோகிராமை ஓட்ட 'ரன்டைம்' என்ற இயக்கி வேண்டும். டிஸ்க்கில் எத்தனை பதிப்புகள் இருந்தாலும், ஓடும் புரோகிராம் ஒன்றுக்குள் ஒரு ரன்டைம்தான் ஏற முடியும். பழையது முந்திக்கொண்டால், புதியதைக் கேட்கும் துணைப் பகுதி ஏறாமலே நின்றுவிடும். 2010-ல் வந்த டாட் நெட் 4 இதை மாற்றியது. பழைய ரன்டைம் ஒன்றும் புதியதும் ஒரே புரோகிராமுக்குள் சேர்ந்தே ஓடலாம். ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு. மெமரிச் செலவு கூடும், சண்டை இல்லை.

தனி அடுப்புக்கு வேறொரு விலையும் உண்டு. 2004 செப்டம்பரில், படங்களைக் காட்டும் ஜி.டி.ஐ. பிளஸ் என்ற டி.எல்.எல்.லில் ஓட்டை இருப்பதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. விஷமத்தனமான ஒரு ஜேபெக் படத்தைத் திறந்தாலே கம்ப்யூட்டர் அந்நியர் கைக்குப் போகலாம். விண்டோஸைச் சரிசெய்தால் மட்டும் போதவில்லை. பல புரோகிராம்கள் அந்த ஃபைலின் சொந்தப் பிரதியை வைத்திருந்தன. ஒவ்வொன்றையும் தேடி அடைக்க வேண்டியிருந்தது.

பொதுவில் வைத்தால் ஒருவர் மாற்றம் அடுத்தவரைக் கவிழ்க்கும். தனித்தனியே வைத்தால் ஓட்டையும் தனித்தனியே தங்கும். ஆகவே, விண்டோஸைப் புதுப்பித்ததோடு நிம்மதியடையும் கடைக்காரர், கணக்குப் புரோகிராமையும் புதுப்பித்தாரா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.