டம்ளர் தண்ணீரில் நூற்றுக்கு நூறு!

போன சித்திரையில் என் மொட்டை மாடியில் நான்கு தக்காளிச் செடிகள் செத்துப்போயின. வெயிலில் அல்ல, தண்ணீரில். கொன்றவன் நான். கூட்டாளி, மண்ணின் ஈரத்தைச் சொல்லும் ஒரு மலிவு விலை சென்சார்.

கூடவே வந்த துண்டுச் சீட்டில் இரண்டே கட்டளைகள். சென்சாரைக் காற்றில் பிடியுங்கள், அது 0. ஒரு டம்ளர் தண்ணீரில் முக்குங்கள், அது 100. அவ்வளவுதான், காலிப்ரேஷன் முடிந்தது! நானும் முக்கினேன். 80-க்குக் கீழே போனால் மோட்டார் ஓடட்டும் என்று செட் செய்துவிட்டு ஒரு வாரம் ஊருக்குப் போனேன். மண் சொதசொதவென்று ஊறியும் எண் 70-ஐத் தாண்டவில்லை. மோட்டார், பாவம், ஓடிக்கொண்டே இருந்தது. வேர் அழுகிவிட்டது.

"தொட்டுப் பார்த்தா தெரியாதாடா? இதுக்கு ஒரு மெஷினு வேற!" என்றார் அம்மா.

அப்புறம்தான் விசாரித்தேன். இந்த சென்சார் தண்ணீரை அளப்பதே இல்லை. சுற்றியிருக்கும் பொருள் மின்சாரத்தை எவ்வளவு தேக்கிவைக்கும் என்று பார்க்கிறது. காற்றுக்கு அந்த அளவு 1, காய்ந்த மண்ணுக்கு 3 முதல் 5, தண்ணீருக்குச் சுமார் 80. டம்ளரில் முழுக்கத் தண்ணீர். மண்ணிலோ ஏறக்குறைய பாதி இடத்தை மணலும் களியும் அடைத்துக்கொள்கின்றன. எவ்வளவு ஊற்றினாலும் தண்ணீர் குடியிருக்க மீதி இடம்தான். டம்ளர்தான் 100 என்றால் எந்த வயல் நூறு வாங்கும்?

இன்னொரு கூத்தும் உண்டு. மணலில் நூற்றுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் இருந்தாலே செடி பிழைத்துக்கொள்ளும். கரிசலில் இருபது பங்கு இருந்தும் வாடும். களி தண்ணீரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேருக்குத் தராது. உப்புத் தண்ணீர் பாய்கிற நிலத்தில் மலிவு சென்சார் ஈரத்தைக் கூட்டியே காட்டும்.

நான் பி.காம். டிரையல் பேலன்ஸ் டேலி ஆகிவிட்டால் மட்டும் கணக்கு சரி என்று அர்த்தமில்லை என்பது எங்களுக்கு முதல் வருஷப் பாடம். இங்கேயும் காற்று 0, தண்ணீர் 100 என்று இரண்டு முனையும் அழகாக டேலி ஆகிறது. நடுவில் இருக்கும் மண்ணைத்தான் யாரும் கணக்கில் எழுதவில்லை!

"இந்த விலைக்கு இதுதான் சார். கூடுதா, குறையுதான்னு தெரிஞ்சாப் போதாதா?" என்கிறார் கடைக்காரர். போதும். அப்படியானால் சதவீதம் என்று ஏன் அச்சடிக்கிறீர்கள்? கோவை கரும்பு இனப்பெருக்க நிறுவனம் உருவாக்கிய ஈரம் காட்டும் கருவியில் நீலம், பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என்று விளக்குகள்தான். சிவப்பு எரிந்தால் உடனே பாய்ச்சு. சதவீதம் என்ற பாவனையே இல்லை.

தண்ணீரில் முக்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பத்து சென்சார் வாங்கினால் பத்தும் ஒன்றுபோல் பேசுகின்றனவா என்று பார்க்க டம்ளர் போதும். வயலுக்கு அது போதாது. சரியான வழி ஒன்றும் ரகசியமில்லை. உங்கள் மண்ணில் குத்தி எண்ணைக் குறியுங்கள். அதே இடத்து மண்ணை, கன அளவு தெரிந்த டப்பாவில் எடுத்து எடை போடுங்கள். 105 டிகிரி சூட்டில் ஒரு நாள் காயவைத்து மறுபடி எடை போடுங்கள். குறைந்த எடைதான் தண்ணீர். ஈரமாக, அரை ஈரமாக, காய்ச்சலாக என்று நாலைந்து தடவை செய்தால் அந்த மண்ணுக்கான அளவுகோல் தயார்.

இதை விவசாயி வீட்டு அடுப்பிலா செய்ய முடியும்? மண் பரிசோதனை நிலையங்கள் எதற்கு இருக்கின்றன? 2015-ல் மத்திய அரசு கொண்டுவந்த மண்வள அட்டை, தழைச்சத்து முதல் கார அமில நிலை வரை 12 விஷயங்களைச் சொல்கிறது. இந்த மண் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்பதைப் பதின்மூன்றாவதாகச் சேர்த்தால் குடியா முழுகிவிடும்?

எனக்குப் போனது நாலு தக்காளிச் செடி. மார்க்கெட்டில் வாங்கிக்கொள்வேன். அதே எண்ணை நம்பி சொட்டுநீர்க் குழாயைத் திறந்து மூடுகிறவருக்குப் போவது ஒரு போக மகசூல். கூடவே நகைக் கடன்.

காய்கறிக் கடைத் தராசில் முத்திரை தேடுகிறோம் அல்லவா? இனி சென்சார் வாங்கும்போதும் ஒரு கேள்வி கேளுங்கள்: "எந்த மண்ணில் சரிபார்த்தீர்கள்?"

"தண்ணியில சார்" என்று பதில் வந்தால், தாமரை வளர்க்கிறவர்களிடம் விற்கச் சொல்லுங்கள்.