சேற்றையும் கொஞ்சம் விட்டுவையுங்கள்

ஊசுடு ஏரிக்குப் பறவை பார்க்க எல்லோரும் மார்கழி, தையில் போகிறார்கள். நான் பங்குனிக் கடைசியைச் சொல்வேன். அப்போது தண்ணீர் பின்வாங்கி, ஓரமெல்லாம் சேறு தெரியும். உள்ளான்களுக்கு அந்தச் சேறுதான் சாப்பாட்டு மேசை. பிரெஞ்சில் அவற்றை 'லிமிகோல்' என்பார்கள்; சேற்றில் குடியிருப்பவை என்று பொருள். எங்கள் பள்ளிக்கூடத்து லத்தீன் இதற்காவது உதவுகிறது!

கொசு உள்ளானைப் பாருங்கள். சிட்டுக்குருவி அளவுதான். குளிர்காலம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் திரிந்தது, இப்போது செம்பழுப்பு ஏறி மாப்பிள்ளை மாதிரி நிற்கும். முட்டையிட சைபீரியாவின் வடகோடிக்குப் பறக்க வேண்டும். அதற்கான கொழுப்பை இங்கேதான் தின்று சேர்க்கிறது. நாணலுக்குள் 'சக், சக்' என்று குரல் மட்டும் காட்டும் கதிர்க்குருவியும் சித்திரை கழிவதற்குள் வடக்கே கிளம்பிவிடும்.

புதுவை அரசு 2008-இல் நம் பக்கத்து ஏரியைச் சரணாலயமாக அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் கரைக்குக் கரை ஆழமாகத் தூர் வாரச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நிலத்தடி நீர் வேண்டும்தான், நடுவில் தோண்டுங்கள். ஓரத்துச் சரிவைத் தொடாதீர்கள். உள்ளானுக்குக் கால் குட்டை, ஆழத்தில் நின்று மேய அதனால் முடியாது.