போத்தல் கைப்பணியும் மலையக மாணவரும்

டிசம்பர் பூரணையுடன் ஆரம்பமாகும் சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம் வெசாக் பூரணை வரை நீடிக்கின்றது. பௌத்தரும் இந்துக்களும் கிறிஸ்தவரும் போற்றுகின்ற, முஸ்லிம்கள் பாவா ஆதம் மலை என அழைக்கின்ற இம்மலைக்கு ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் வருகின்றனர். அவர்களுள் பெரும்பாலானோர் ஹட்டன், மஸ்கெலியா, நல்லதண்ணி வழியாகவே செல்கின்றனர். வழியில் வீசப்படும் வெற்றுப் பிளாஸ்டிக் போத்தல்கள் மழையோடு ஓடைகளில் இறங்கி மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்தை நோக்கிச் செல்கின்றன. பொகவந்தலாவை, நோர்வூட் பகுதிகளின் கழிவுகளைக் கெஹெல்கமு ஓயா காசல்ரீக்குக் கொண்டு செல்கின்றது. மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் இணைந்தே களனி கங்கை உருவாகின்றது. கொழும்பு மக்களின் குடிநீருக்காக அம்பத்தலையில் பெறப்படுவதும் அக்கங்கையின் நீரே. எனவே மலையகத்தில் வீசப்படும் போத்தல் மலையகத்தின் பிரச்சினை மாத்திரமன்று.

இந்நிலையில், வெற்றுப் போத்தல்களைக் கொண்டு பயனுள்ள பொருட்களைச் செய்ய மாணவருக்குக் கற்பிப்பது வரவேற்கத்தக்கதாகும். செயன்முறையும் தொழினுட்பத் திறன்களும் என்ற பாடமும், மத்திய சுற்றாடல் அதிகார சபையின் சுற்றாடல் முன்னோடி நிகழ்ச்சித் திட்டமும் இதற்கு இடமளிக்கின்றன. பூச்சாடி, பேனாத் தாங்கி, சொட்டு நீர்ப்பாசனக் குழாய் என மாணவரின் கற்பனைக்கு எல்லையில்லை. கைக்கு எட்டியதைப் பயன்படும் பொருளாக மாற்றுவது தோட்டப்புறத்திற்குப் புதிதுமன்று. வெற்றுப் போத்தலில் திரியிட்டுக் குப்பி விளக்கு ஏற்றிய தலைமுறைகள் லயன்களில் வாழ்ந்தன.

எனினும், இம்முயற்சி கண்காட்சி மேசையோடு முடிந்துவிடலாகாது. போத்தலில் செய்த பூச்சாடியும் ஓராண்டிலோ ஈராண்டிலோ வெடித்துக் குப்பையாகும். அதிலும், மறுநாள் போத்தல் கொண்டுவர வேண்டும் என்பதற்காக நாட்கூலி பெறும் பெற்றோர் கடையில் குளிர்பானம் வாங்க நேருமாயின், பாடம் தன் நோக்கத்திற்கு நேர்மாறாகிவிடும். கைப்பணி சேகரிப்பிலிருந்தே தொடங்க வேண்டும். ஒரு வாரத்தில் தமது தோட்டத்தின் லயன்களிலும் கான்களிலும் கிடந்த போத்தல்கள் எத்தனை, அவை எங்கிருந்து வந்தன என்பதை மாணவர் எண்ணிப் பதியட்டும். கணித வகுப்பில் அதனை வரைபாக்கட்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மண்சரிவுகளில் உறவுகளை இழந்த மலையகத்திற்கு, மழைநீர் வழிந்தோடும் கான்கள் அடைபடாதிருப்பதன் பெறுமதியை எடுத்துரைக்க வேண்டியதில்லை.

எதைச் செய்வது என்பதிலும் சிந்தனை தேவை. பிரேசில் நாட்டு இயந்திரத் தொழிலாளியான அல்பிரடோ மோசர் 2002ஆம் ஆண்டில், இரண்டு லீற்றர் போத்தலில் நீரும் சிறிதளவு வெளிற்றும் திரவமும் நிரப்பித் தகரக் கூரையில் பொருத்தினார். சூரிய ஒளி நீரில் முறிவடைந்து இருண்ட அறை முழுவதும் பரவியது. 2011 முதல் பிலிப்பைன்ஸின் ஏழைக் குடியிருப்புகளில் இம்முறை பரவலாயிற்று. பகலிலும் இருளடைந்த லயன் அறையில் வளரும் மாணவனுக்கு ஒளிமுறிவை விளக்க இதனிலும் சிறந்த சாதனம் கிடையாது. ஆனால் அப்போத்தல் யன்னலுள்ள வீட்டிற்கு ஈடாகாது என்பதையும் கூறியாக வேண்டும்.

பாதுகாப்பும் முக்கியமானது. களைநாசினி, பூச்சிநாசினி இருந்த கொள்கலன்களை எவ்வளவு கழுவினாலும் மாணவர் கையில் கொடுக்கலாகாது. பிளாஸ்டிக்கை அடுப்பில் எரிப்பதோ நெருப்பில் உருக்குவதோ நச்சுப் புகையை உண்டாக்கும். நீர் தேங்கும் பாத்திரங்கள் நுளம்புகள் பெருகவும் வழிசெய்யும்.

மாணவர் பயன்படுத்தியது போக எஞ்சும் போத்தல்கள் எங்கே செல்வது? இங்குதான் பெரியவர்களின் பொறுப்பு ஆரம்பமாகின்றது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம், தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடுவதற்கு நீண்டகாலம் தடையாக இருந்தது. அது 2018இல் திருத்தப்பட்டது. அதே ஆண்டில் மஸ்கெலியா, நோர்வூட், அக்கரப்பத்தனை, கொட்டகலை ஆகிய புதிய சபைகளும் இயங்கத் தொடங்கின. ஆகவே, நகரக் கடைவீதிக்கு வரும் குப்பை வண்டி லயன்களுக்கும் வருவதற்குச் சட்டத்தைக் காரணங்காட்டி மறுக்க இனி இயலாது.

மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் பலியான 2017இல் மெல்லிய பொலித்தீன் தடைசெய்யப்பட்டது. 2021இல் சிறு பொதிகளும், 2023 ஒக்டோபரில் ஒருமுறை மாத்திரம் பாவிக்கும் பிளாஸ்டிக் கோப்பைகள், கரண்டிகள் முதலியனவும் தடைக்குள்ளாகின. குளிர்பானப் போத்தல் இத்தடைகளுக்குள் வரவில்லை. கண்ணாடிச் சோடாப் போத்தலைத் திருப்பிக் கொடுத்து முற்பணத்தை மீளப்பெற்ற காலத்தை மூத்தோர் அறிவர். ஜேர்மனி 2003 முதல் ஒருமுறை பாவிக்கும் போத்தல்களுக்கும் அவ்வாறே முற்பணம் அறவிடுகின்றது. நல்லதண்ணியில் வாங்கும் போத்தலுக்கு அத்தகைய ஏற்பாடு இருப்பின், அதை ஓடையில் வீச எவருக்கும் மனம் வராது. சேகரித்த போத்தலுக்குப் பயனில்லை என்றும் கூற முடியாது. 2019 உலகக் கிண்ணப் போட்டியில் எமது கிரிக்கெட் அணியினர் அணிந்த சீருடை, கடற்கரைகளில் சேகரித்த பிளாஸ்டிக்கை மீள்சுழற்சி செய்து தயாரிக்கப்பட்டதாகும்.

தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர்களை உருவாக்கும் பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியல் கல்லூரியும், வலயக் கல்வி அலுவலகங்களும் இக்கைப்பணியை முறையான பாடமாக வகுத்திட முன்வர வேண்டும். மாணவர் தயாரிக்கும் கணக்கைப் பிரதேச சபையும் தோட்ட நிர்வாகமும் பெற்று, சேகரிப்புக்கு நாள் குறிக்க வேண்டும். தோட்டத் தொழிலாளியின் பிள்ளை போத்தலில் கலைத்திறனைக் காட்டட்டும். பிறர் வீசிய குப்பையை அகற்றும் கடமையை மட்டும் அப்பிள்ளையின் தலையில் சுமத்தலாகாது.