அழிந்துபோன பதிவுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஊரடங்கு நேரத்தைக் கடந்து கைப்பேசிக் கடையைத் திறந்துவைத்ததாகக் கூறி, 2020 ஜூன் 19 அன்று தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் பிடித்துவைக்கப்பட்ட தந்தையும் மகனும், அங்கே இரவு முழுவதும் சித்திரவதைக்கு உள்ளாகி (இது மத்தியப் புலனாய்வுத் துறையின் குற்றச்சாட்டு), சில நாள்களிலேயே அடுத்தடுத்து இறந்ததை, ஒருசில காவலர்களின் வெறிச்செயலாக மட்டும் பார்ப்பது பெரும்பிழை. அந்நிலையத்தின் கண்காணிப்புக் கேமராப் பதிவுகள் நாள்தோறும் தாமாகவே அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை, விசாரணைக்குச் சென்ற நீதித்துறை நடுவர் உயர் நீதிமன்றத்துக்குத் தெரிவித்தார். சான்று அழிவதற்கு வழிசெய்யும் இந்த ஏற்பாடே அடிக்கும் கைக்குத் துணிவளிக்கிறது.

அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியையும் பதியும் கேமராக்களைப் பொருத்தி, பதிவுகளை 18 மாதங்கள் பாதுகாக்க வேண்டுமென ஆணையிட்டது. எனினும், குற்றஞ்சாட்டப்படக்கூடியவர்களின் பொறுப்பிலேயே பதிவுகள் இருக்கும்வரை அவ்வாணை பாதிப் பயனையே தரும் என்பதால், அவை அன்றன்றே மாவட்ட நீதிமன்றத்தின் பொறுப்புக்கு மாற்றப்பட வேண்டும். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர்முன் நிறுத்தும் அரசமைப்புக் கடமையும், நடுவர் அவரை நேரில் கண்டு, காயமுண்டா எனக் கேட்டுப் பதிவுசெய்தால் மட்டுமே நிறைவேறியதாகக் கொள்ளப்பட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், திருநெல்வேலி