மணி கேட்காத கணக்கு

இது நாம் எல்லோரும் போட்டிருக்கிற கணக்குதான். ஜென்டமைசின் டிரிப் முடிந்து ஒரு மணி நேரத்தில் ரத்தத்தில் லிட்டருக்கு 8 மி.கி. ஐந்தாவது மணி நேரத்தில் 2 மி.கி. எலிமினேஷன் ரேட் கான்ஸ்டன்ட் எவ்வளவு?

அல்வா சாப்பிடுகிற மாதிரி. 8-ஐ 2-ஆல் வகுத்தால் 4. அதன் இயல் மடக்கை 1.386. இடைவெளி 4 மணி நேரம். விடை மணிக்கு 0.347. அரை ஆயுள் 2 மணி நேரம். முழு மார்க்!

எனக்கு ஃபார்முலாவோடு சண்டை இல்லை. இப்படிக் கேட்கிற கேள்வித்தாளோடுதான் சண்டை. அந்த நேரங்கள் சரிதானா என்று ஒருவரும் நம்மைக் கேட்கச் சொல்வதில்லை.

வார்டில் கூட்டம். ரத்தம் எடுத்தது ஏழாவது மணி நேரத்தில், சீட்டில் எழுதியது ஐந்து என்று வையுங்கள். உண்மையான இடைவெளி 6 மணி நேரம். கான்ஸ்டன்ட் 0.231, அரை ஆயுள் 3 மணி நேரம். எட்டு மணி நேரத்தில் மருந்து பதினாறில் ஒரு பங்காகக் குறைந்திருக்கும் என்று நம்பி அடுத்த டோஸ் போடுவோம். உண்மையில் சுமார் ஆறில் ஒரு பங்கு உள்ளேயே இருக்கும். இது ஜென்டமைசின். சேர்ந்தால் கிட்னியைக் கெடுக்கும், காதையும் கெடுக்கும். போன காது பெரும்பாலும் திரும்பி வராது.

டிரிப் முடிந்த கையோடு சாம்பிள் எடுத்தாலும் இதே கதைதான். மருந்து திசுக்களுக்குப் பரவி முடியாததால் அளவு செயற்கையாக உயர்ந்து நிற்கும், கான்ஸ்டன்ட்டும் ஏறிவிடும். அதற்காகத்தான் அரை மணி நேரம் காத்திருக்கச் சொல்கிறார்கள்.

ஃபெனிடாயின் இன்னும் மோசம். சிகிச்சை அளவிலேயே கல்லீரல் என்சைம்கள் திணறத் தொடங்கிவிடும். அளவு ஏற ஏற அரை ஆயுளும் நீளும். அங்கே கான்ஸ்டன்ட் என்று ஒன்றே கிடையாது. ஆனால் இரண்டு எண்ணைக் கொடுத்தால் ஃபார்முலா கூச்சமே இல்லாமல் ஒரு விடையைத் துப்பும்.

"முதலில் அடிப்படையைப் படி, மற்றதை வார்டில் கற்றுக்கொள்ளலாம்" என்பார்கள். ஐயா, கீழே வகுக்கிற எண்ணே நேரம்தான். அது அடிப்படை இல்லையென்றால் வேறு எது அடிப்படை?

பத்துக் கேள்வியில் ஒன்றுக்காவது "இந்த அளவுகளை வைத்துக் கணக்குப் போடக்கூடாது" என்பது சரியான விடையாக இருக்கட்டும். வகுத்தலைக் கால்குலேட்டர் செய்துவிடும். எத்தனை மணிக்கு ரத்தம் எடுத்தீர்கள் என்று கேட்க மனுஷன்தான் வேண்டும்.