போர்டு போயிடுச்சுண்ணே!

காலேஜ் டூருக்கு வேன் பேசப் போகிற பசங்க முதலில் கேட்கிற கேள்வி என்ன? பிரேக் எப்படி, டயர் எப்படி என்றா? ம்ஹூம். "அண்ணே, செட்டு எப்படி? பேஸ் அடிக்குமா?" அதுதான். செட்டு சரியில்லை என்றால் ட்ரிப் பக்கத்து ஸ்டாண்டு வேனுக்குப் போய்விடும். ஆக, சீட்டுக்கு அடியில் கிடக்கிற அந்த அலுமினியப் பெட்டி வேன்காரருக்கு ஆடம்பரம் இல்லை, தொழில் கருவி. அது ஒருநாள் ஊட்டி மலை ஏறும்போது பொசுக்கென்று நின்று, சிவப்பு விளக்கைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தால்? ஊர் திரும்பியதும் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார். கடைக்காரர் மூடியைக்கூடக் கழற்ற மாட்டார். "போர்டு போயிடுச்சுண்ணே, புதுசு போட்டுக்கங்க" என்பார்.

ரெண்டே வார்த்தை. அதற்குள் எத்தனை சோம்பேறித்தனம், எத்தனை வியாபாரம்!

போர்டு என்பது ஒரு ஃபைபர் தகடு, அதன்மேல் செப்புத் தடங்கள். அது தானாகப் போவது அபூர்வம். போவது அதன்மேல் உட்கார்ந்திருக்கிற நாலைந்து பாகங்கள். பல சமயம் அதுவும் இல்லை, ஆம்ப்ளிஃபயர் தேமே என்று நன்றாகவே இருக்கும். சிவப்பு விளக்குக்குப் பெயரே 'ப்ரொடெக்ட்'. அதாவது "எங்கேயோ தப்பு நடக்குது, அதனால நான் நிறுத்திட்டேன்" என்று அந்தப் பெட்டி புத்திசாலித்தனமாகச் சொல்கிறது. உடனே பெட்டியையே குப்பையில் போடச் சொல்வது எந்த ஊர் நியாயம்? வாட்ச்மேன் விசில் அடித்தால் வாட்ச்மேனை வேலையை விட்டுத் தூக்குவது மாதிரி.

ஸ்பீக்கர் ஒயர்களையும் ஆர்.சி.ஏ. ஒயர்களையும் பிடுங்கிவிட்டு, பவர், கிரவுண்டு, ரிமோட் மூன்றை மட்டும் விட்டு ஆன் செய்து பார்க்க ரெண்டு நிமிஷம் ஆகுமா? விளக்கு பச்சைக்கு மாறினால் கோளாறு பெரும்பாலும் வண்டியில். கதவு இடுக்கில் நசுங்கி பாடியைத் தொடும் ஸ்பீக்கர் ஒயராக இருக்கலாம், காயில் கருகின ஸ்பீக்கராக இருக்கலாம். வண்டியில் கோளாறை வைத்துக்கொண்டு புது ஆம்ப்ளிஃபயர் போட்டால் அதுவும் அதே வழிதான். கடைக்காரருக்கு ரெண்டாவது பில்!

கிரவுண்டு இன்னொரு கூத்து. பெயின்ட்டைச் சுரண்டாமல், துருப்பிடித்த ஏதோ ஒரு போல்ட்டில் மாட்டியிருப்பார்கள். சும்மா இருக்கும்போது மீட்டரில் 12 வோல்ட் அழகாகக் காட்டும். பேஸ் அடிக்கும்போது பார்த்தால் 9, 10 என்று இறங்கும், பெட்டி அணைந்து அணைந்து எரியும். அதனால்தான் பாட்டு ஓடும்போது, ஆம்ப்ளிஃபயரின் டெர்மினலிலேயே மீட்டரை வைத்துப் பார்க்கணும். பேட்டரியில் பார்த்துவிட்டு "பவர் ஓக்கே" என்று சொல்பவர்களுக்கு மீட்டர் எதற்கு, சட்டைப்பையில் அழகுக்கா?

சரி, நிஜமாகவே உள்ளே போயிருக்கிறது என்றே வைப்போம். உள்ளே அப்படி என்ன மாயம் இருக்கிறது?

வண்டியின் 14.4 வோல்ட்டை நேரடியாக வைத்துக்கொண்டு 4 ஓம் ஸ்பீக்கருக்கு எந்த வித்தை காட்டினாலும் 26 வாட்டுக்கு மேல் சுத்தமான சத்தம் வராது. அதனால் பெட்டியின் பாதி இடத்தில் ஒரு கன்வெர்ட்டர். டிஎல்494 மாதிரி ஒரு ஐசி மாறி மாறித் தட்டிவிட, ஐஆர்எஃப்இசட்44, ஐஆர்எஃப்3205 மாதிரி மாஸ்ஃபெட்டுகள் ஒரு வட்டமான டிரான்ஸ்ஃபார்மரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுக்க, அந்தப் பக்கம் பிளஸ் 30, மைனஸ் 30 என்கிற அளவில் வோல்டேஜ் கிடைக்கும். மீதிப் பாதியில் அதை வாங்கி ஸ்பீக்கருக்குத் தள்ளும் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள். அவ்வளவுதான் மேட்டர். மக்களே, இது அப்படியே பவர் எலக்ட்ரானிக்ஸ் பேப்பரில் வரும் புஷ்-புல் கன்வெர்ட்டர்! படம் போட்டு, வேவ்ஃபார்ம் போட்டு முழு மார்க் வாங்குகிற ஈ.சி.ஈ. கூட்டம், அதே சர்க்யூட்டை நேரில் பார்த்தால் "போர்டு போயிடுச்சு போல" என்று கடைக்காரருக்குத் தாளம் போடுகிறது. இதை எங்கே போய்ச் சொல்வது?

(ஸ்டிக்கர் பற்றியும் ஒரு வார்த்தை. 30 ஆம்பியர் ஃபியூஸ் போட்ட பெட்டி உள்ளே இழுப்பதே 430 வாட் சுமாருக்குத்தான். அதன்மேல் 3000 வாட் என்று ஒட்டியிருந்தால் ஒட்டியவரைத்தான் ரிப்பேர் செய்யணும்.)

ஃபியூஸ் போகிற விதமே பாதிக் கதையைச் சொல்லிவிடும். பேட்டரியை இணைத்த உடனே, ரிமோட் கொடுக்காமலே ஃபியூஸ் போகிறதா? மாஸ்ஃபெட் ஷார்ட், அல்லது யாரோ பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுத்ததில் பாதுகாப்பு டையோடு ஷார்ட். ரிமோட் கொடுத்த பிறகுதான் போகிறதா? அவுட்புட் டிரான்சிஸ்டர், ரெக்டிஃபயர் பக்கம் சந்தேகம் திரும்பணும். மீட்டரை டையோடு டெஸ்டில் வைத்துக் கால்களைத் தொட்டால் ஷார்ட் ஆனது 'பீப்' என்று காட்டிக்கொடுக்கும். நாலைந்து மாஸ்ஃபெட் பக்கவாட்டில் சேர்ந்திருப்பதால் ஒன்று செத்தாலும் எல்லாம் செத்த மாதிரி தெரியும். கழற்றி ஒவ்வொன்றாகப் பார்த்தால் தெரிந்துபோகும். மாற்றும்போது அந்த வரிசை முழுக்க ஒரே வகையில் மாற்றுவதுதான் முறை. கேட் ரெசிஸ்டர்களையும், அவற்றைத் தட்டிவிடும் டிரைவரையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் புதுசும் நிமிஷத்தில் வெடிக்கும்.

இங்கேதான் இன்னொரு கூட்டத்தையும் திட்டியாகணும். சால்டரிங் அயர்ன் பிடித்தவரெல்லாம் மெக்கானிக் என்று கிளம்பியிருக்கும் கூட்டம். ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போகிறதா, செப்புக் கம்பியைச் சுற்றிவிடு. ப்ரொடெக்ட் தொந்தரவா, அந்த சர்க்யூட்டையே வெட்டிவிடு. மைக்கா கிழிந்திருக்கிறதா, அப்படியே திருகிவிடு. மாஸ்ஃபெட்டின் முதுகுத் தகடுதான் அதன் டிரெய்ன். மைக்கா இல்லாமல் அது அலுமினியத்தில் ஒட்டினால் என்ன ஆகும் என்று யோசிக்கவே வேண்டாமா? ஃபியூஸுக்குப் பதில் கம்பி போட்ட வேனில் நாற்பது பேர் உட்காரப் போகிறார்கள். போர்டு மாற்றச் சொல்பவர் பர்ஸைத்தான் கடிக்கிறார், இவர்கள் சீட்டுக்கு அடியில் நெருப்பையே வைக்கிறார்கள். பவர் ஒயரில் தொடராக ஒரு 21 வாட் இண்டிகேட்டர் பல்பைப் போட்டு முதல் ஆன் செய்தால் போதும். உள்ளே இன்னும் ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரியும், புதுப் பாகங்கள் பிழைக்கும். ஒரு பல்பு விலைதானே?

எதிர்க்கட்சி வாதத்திலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, மறுக்க முடியாது. 5200, 1943 ஜோடி டிரான்சிஸ்டர்களில் போலிகள் தாராளமாகப் புழங்குகின்றன; நல்லதைத் தேடிப் பிடிக்க ரிச்சி தெருவில் கால் கடுக்க நடக்கணும். சில கம்பெனிகள் ஐசி மேல் இருக்கும் நம்பரையே சுரண்டி அனுப்புகின்றன. தண்ணீர் புகுந்து தடங்கள் அரித்துப்போன போர்டு தேறாது. நாள் முழுக்க ஒரு பெட்டியோடு மல்லுக்கட்டினால் கூலி கட்டுப்படியாகாது என்பதும் உண்மை. ஆனால் அதெல்லாம் திறந்து பார்த்த பிறகு சொல்ல வேண்டிய பதில். மூடியைத் தொடாமலே தீர்ப்பு சொல்ல அவர் என்ன எக்ஸ்ரே கண்ணரா?

சர்க்யூட் படம் கொடுக்காத கம்பெனிகளுக்கும் பங்கு உண்டு. 2022-இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு குழு போட்டது. விவசாயக் கருவிகள், மொபைல், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என்று நாலு துறை. அதே வருஷக் கடைசியில் இணையதளமும் வந்தது. வேனுக்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபயர் இதில் எந்தக் கணக்கு, வண்டி சாமானா வீட்டுச் சாமானா? வேன்காரர் அந்தத் தளத்தைத் தேடிப் படித்துவிட்டா கடைக்குப் போகப் போகிறார்? அவருக்குத் தெரிந்தது அடுத்த வெள்ளிக்கிழமை ட்ரிப் இருக்கிறது என்பது மட்டும்தான். அந்த அவசரத்தைத்தான் கடை காசாக்குகிறது.

இன்னொன்று கவனித்திருக்கலாம். புதுசு வாங்கினதும், "பழசை இங்கயே விட்டுடுங்கண்ணே, வெட்டியா எதுக்குத் தூக்கிட்டுப் போறீங்க?" என்பார்கள். போர்டு போன பெட்டி அவர்களுக்கு எதற்காம்? சில கடைகளில் அது ரெண்டு வாரம் கழித்து, நாலு மாஸ்ஃபெட்டும் துடைத்த அலுமினியமுமாக, "செகண்ட் ஹேண்ட், கண்டிஷன் சூப்பர்" என்று ஷெல்ஃபில் உட்கார்ந்திருக்கும். அதை வாங்குவது பக்கத்து ஸ்டாண்டு வேன்காரராகக்கூட இருக்கலாம்.