பிரஷர் உடம்புக்குப் பழகிவிடுவதில்லை

“பிரஷர் 160 இருக்கு. ஆனா தலைசுத்தல் இல்ல, தலைவலி இல்ல. உடம்புக்குப் பழகிடுச்சு” என்ற பேச்சை வீட்டுக்கு வீடு கேட்கலாம். இந்தப் பேச்சை நம்பித்தான் பலர் மாத்திரையை நிறுத்துகிறார்கள்.

பழகிவிட்டதாகச் சொல்லப்படும் உடம்புக்குள் நடப்பது வேறு. ரத்தக்குழாயின் உட்புறத்தை ஒற்றை அடுக்குச் செல்களாலான எண்டோதீலியம் என்ற படலம் போர்த்தியிருக்கிறது. குழாய் தளர்வதில் அதற்குள்ள பங்கை 1980இல் நியூயார்க்கின் ராபர்ட் ஃபர்ச்காட் முயலின் பெருந்தமனியில் காட்டினார். அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் பட்டதும் படலம் சிதையாத துண்டு தளர்ந்தது. படலம் உரசிப்போன துண்டு தளரவில்லை. தளரச் சொல்லும் அந்தப் பொருள் நைட்ரிக் ஆக்ஸைடு வாயு என்று பின்னர் தெரிந்தது. 1998இன் மருத்துவ நோபல் இதற்குத்தான்.

1990இல் அமெரிக்காவில் ஹூலியோ பான்சா குழுவினர் உயர் ரத்த அழுத்தக்காரர்களின் முன்கையில் இதையே சோதித்தார்கள். அசிட்டைல்கோலின் கொடுத்தபோது, மற்றவர்களுக்கு ஏறிய அளவுக்கு இவர்களுக்கு ரத்த ஓட்டம் ஏறவில்லை. குழாய்ச் சுவரின் தசையை நேரடியாகத் தளர்த்தும் நைட்ரோபுரஸைடு மருந்துக்கோ இருசாராரின் குழாய்களும் ஒரேபோல் விரிந்தன. அதாவது தசைக்குத் தளரத் தெரியும். தளரச் சொல்லும் படலம்தான் கெட்டுப்போயிருக்கிறது. அழுத்தம் படலத்தைக் கெடுத்ததா, கெட்ட படலம் அழுத்தத்தை ஏற்றியதா என்ற விவாதம் உண்டு. ஒன்றை மற்றொன்று வளர்க்கிறது என்பதே என் புரிதல். இதில் எதுவும் வலிக்காது. வலியை வைத்து அளப்பது ஆபத்து என்று நான் சொல்வது அதனால்தான்.

“வயசோட நூறைக் கூட்டினா அதுதான் சரியான பிரஷர்” என்பது அடுத்த வாதம். உப்பை ஏறக்குறைய அறியாத அமேசான் யானோமாமி மக்களுக்கு வயதானாலும் அழுத்தம் ஏறுவதில்லை, சராசரி 95/61தான். முதுமை மட்டுமே காரணமென்றால் அவர்களுக்கும் ஏறியிருக்கும். 2015இல் வெளியான ஸ்பிரிண்ட் ஆய்வில், சர்க்கரை நோயில்லாத, இதயநோய் ஆபத்து மிகுந்த 50 வயதைக் கடந்த 9,361 பேரில், மேல் அளவை 120க்குக் கீழே கொண்டுவர முயன்றவர்களுக்கு, 140ஐ இலக்காகக் கொண்டவர்களைவிட மாரடைப்பு, பக்கவாதம் உள்ளிட்ட பாதிப்புகள் கால் பங்கு குறைந்தன. எல்லோருக்கும் 120 இலக்கல்ல. அதை மருத்துவர் சொல்ல வேண்டும்.

“மாத்திரை ஆரம்பிச்சா விடமுடியாது” என்பார்கள். நிறுத்தினால் அழுத்தம் ஏறுவது நோய் இன்னும் இருப்பதால். பெரும்பாலும் அடிமையானதால் அல்ல. அதே பான்சா குழு 1993இல் இன்னொன்றையும் கண்டது: மாத்திரையால் அழுத்தம் இறங்கிய பிறகும் படலம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அறிகுறி வரும்வரை காத்திருப்பவர் இழப்பது எளிதில் மீளாதது. தலை சுற்றாவிட்டாலும் அளந்து பாருங்கள்; மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.